வேளாங்கண்ணிக்கு முதல் நடைப்பயணம்

(பாதயாத்திரை செல்வோருக்கு ஆற்றிய உரை)



முதன்முறையாக வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லவிருக்கும் உங்களுக்குச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். சாகுபுரத்திலிருந்து 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழி அது. நாளொன்றுக்கு 25 கிலோமீட்டர் நடந்தாலும் 12 நாட்களுக்குக் குறையாது. ஆகஸ்டு 29 கொடியேற்றத்தைக் காண அம்மாத நடுவிலேயே கிளம்பியாக வேண்டும். கால்களைப் பழக்குவதோ ஜூலையிலேயே தொடங்க வேண்டும்.

வாரந்தோறும் வீரபாண்டியன்பட்டினம் வரை நடந்து திரும்புங்கள். கொண்டுபோகும் பையையே தோளில் சுமந்து நடங்கள். புதுச் செருப்பு கடிக்கும், பழகியதையே அணியுங்கள். சீடர்களை அனுப்பிய ஆண்டவர் பையும் வேண்டாம், இரண்டு அங்கியும் வேண்டாம் என்றார். நாமோ ஒவ்வொரு அச்சத்துக்கும் ஒரு பொருளை எடுத்துவைக்கிறோம், பை கனத்துவிடுகிறது. மாற்றுடை ஒன்று, போர்வை, தண்ணீர், மருந்து போதும்.

வியர்வையோடு உப்பும் போய்விடும் என்பதை உப்பளத்தில் உழைக்கும் நம் மக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உப்பிட்ட கஞ்சியோ மோரோ குடியுங்கள். விடியலில் நடந்து, உச்சிவெயிலில் இளைப்பாறுங்கள். இரவில் நடக்கவே வேண்டாம். இருட்டில் லாரி ஓட்டுநரின் கண்ணுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். நேர்ச்சை நிறைவேறுவதோடு, நீங்கள் நலமாக வீடு திரும்பவும் வேண்டும்.

முதியவர் பின்தங்கினால் நின்று அழைத்துச் செல்லுங்கள். மெல்ல நடப்பவரின் வேகமே நம் அனைவரின் வேகம்.

மரியே வாழ்க!