ஆலயமும் இதயமும்

நோய் கண்டவன் மருத்துவரை நாடுவது உலக இயல்பு. நோய் இருப்பதையே அறியாதவன் எவரை நாடுவான்? இரத்தக் கொதிப்பு என்று நாம் வழங்கும் உயர் இரத்த அழுத்தம் அத்தகைய நோய். அதற்கு வலியில்லை, காய்ச்சலும் இல்லை. ஆண்டுக்கணக்கில் ஓசையின்றிக் குருதிக் குழாய்களைக் கெடுத்து, ஒருநாள் மாரடைப்பாகவோ பக்கவாதமாகவோ அது வெளிப்படுகிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கறுப்பின மக்களுள் வயது வந்தோரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் உண்டு. அவர்களுள் ஆடவரைக் காக்க அந்நாட்டுத் தேவாலயங்கள் மேற்கொண்ட முயற்சியைப் பற்றி இன்று சிந்திப்போம்.

மருத்துவமனைகளுக்குக் குறைவில்லாத நாட்டில், இதயத்தைக் காக்கத் தேவாலயம் எதற்கு என்று நேயர்கள் வினவலாம். விடை வரலாற்றில் இருக்கிறது. 1932ஆம் ஆண்டு அலபாமா மாநிலத்து டஸ்கீகி வட்டாரத்தில், அரசின் பொதுச் சுகாதாரத் துறை சுமார் 600 கறுப்பின ஆடவரை ஓர் ஆய்வில் சேர்த்தது. அவர்களுள் 399 பேருக்கு மேகநோய் இருந்தது. அந்நோயைப் பென்சிலின் குணப்படுத்தும் என்று 1940களில் தெளிவான பின்னரும், நோயின் போக்கைக் காண வேண்டி அம்மருந்து அவர்களுக்கு அளிக்கப்படவில்லை. 1972இல் செய்தி வெளியான பிறகே ஆய்வு நின்றது. அரசின் சார்பில் குடியரசுத் தலைவர் கிளின்டன் மன்னிப்புக் கோரியது 1997இல். இந்நிலையில் வெள்ளை அங்கி அணிந்தவரைக் கண்டால் பலர் உள்ளத்தில் ஐயம் எழுவதில் வியப்பில்லை. மருத்துவச் செலவோ மற்றொரு தடை.

தேவாலயத்தின் நிலை வேறு. அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற ரிச்சர்ட் ஆலன் என்பார் 1794இல் பிலடெல்பியா நகரில் தம் மக்களுக்கென ஓர் ஆலயம் நிறுவினார். அது முதல், வழிபாட்டோடு கல்வி, ஏழைக்கு உதவி, உரிமைப் போராட்டம் ஆகிய அனைத்துக்கும் அத்தகைய ஆலயங்களே நிழல் தந்தன. ஆகவே அங்கே சொல்லப்படும் சொல்லுக்கு மதிப்பு மிகுதி. பால்டிமோர் நகரின் கறுப்பின இதய மருத்துவர் எலைஜா சாண்டர்ஸ் இதை நன்குணர்ந்தவர். சபையினரையே பயிற்றுவித்து, ஆலயத்திலேயே இரத்த அழுத்தத்தை அளக்கச் செய்த முன்னோடி அவர்.

இம்முயற்சியின் பயனை ஆய்வாளர் அளந்தும் பார்த்தனர். நியூயார்க் நகரின் 32 தேவாலயங்களில் 373 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2018இல் வெளிவந்தது. சபையினருள் பயிற்சி பெற்றோர் வாரந்தோறும் கூட்டம் நடத்தினர். உப்பைக் குறைத்தல், உடலுழைப்பு, மருந்தைத் தவறாது உட்கொள்ளுதல் ஆகியவற்றை இறைநம்பிக்கையோடு இணைத்துக் கற்பித்தனர். பொதுவான சுகாதாரப் பாடம் மட்டும் கேட்டவர்களைவிட, இவர்களின் மேல் அளவு ஆறு மாதங்களில் ஏறத்தாழ 6 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. ஆனால் ஒன்பதாம் மாதத்தில் அவ்வேறுபாட்டை ஐயமற நிறுவ முடியவில்லை. மேலும், அதில் பங்கு கொண்டோருள் பெரும்பாலோர் பெண்கள். யாரை முதலில் காக்க எண்ணினோமோ, அந்த ஆடவர் ஆலயத்திற்கு வருவதே குறைவு.

அவர்கள் கூடும் இடம் எது? முடிதிருத்தும் நிலையம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மருத்துவர் ரொனால்டு விக்டர் தலைமையில் 52 நிலையங்களில், 319 கறுப்பின ஆடவரிடம் நடந்த ஆய்வும் 2018இல் வெளிவந்தது. சில நிலையங்களில் முடிதிருத்துவோர் நல்லுரை கூறி, மருத்துவரிடம் செல்லுமாறு தூண்டினர். ஆறு மாதங்களில் மேல் அளவு 9 புள்ளி குறைந்தது. மற்ற நிலையங்களுக்கு மருந்தாளுநரே வந்து, அளந்து பார்த்து, மருத்துவரின் இசைவோடு மருந்தும் அளித்தார். அங்கே 27 புள்ளி குறைந்தது. ஓராண்டு கடந்தும் அப்பயன் நிலைத்தது.

இவ்விரண்டு ஆய்வுகளையும் சேர்த்து நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். நம்பிக்கை கதவைத் திறக்கும். ஆயினும் கதவுக்கு அப்பால் மருந்து இருக்க வேண்டும். அறிவுரை மட்டும் போதாது. மருந்து மட்டும் இருந்தால் அதை நாடி வருவோர் இல்லை. எனவே தேவாலயம் செய்த பணி வீண் என்று கருதுதல் தவறு. ஆலயத்தில் அளந்து கண்ட நோயாளியை, அன்றே ஒரு மருத்துவரின் பொறுப்பில் சேர்க்கும் ஏற்பாடு வேண்டும் என்பதே நாம் கொள்ளும் பாடம். வராதிருக்கும் ஆடவரை, அவர்கள் இருக்கும் இடத்திற்கே சென்று காணவும் வேண்டும்.

பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நமக்கும் இது அயலார் கதை அன்று. புதிய ஊரில், புரியாத மொழியில் மருத்துவரை அணுகத் தயங்குவோர் நம்மிடையேயும் உளர். இரத்தக் கொதிப்பும் நம்மை விட்டு வைக்கவில்லை. நமக்குத் தமிழ்ச் சங்கங்கள் உண்டு. கோயில்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் உண்டு. திங்களுக்கு ஒருநாள் அங்கே இரத்த அழுத்தம் அளப்பது பெருஞ்செலவு பிடிக்கும் செயல் அன்று. அளவு மிகுந்தவரின் பெயரைக் குறித்துக்கொண்டு, அவருடன் மருத்துவமனை வரை ஒருவர் துணை சென்றால், தொடங்கிய பணி நிறைவு பெறும்.