ரசீதுக்குக் காத்திருக்கும் லாரி



திருவொற்றியூரில் ஒன்பதாம் வகுப்புக்கு முழு அக எதிரொளிப்பு நடத்தியபோது ஒரு மாணவி, "ஒளியிழையில் தகவல் ஏன் சார் வேகமாகப் போகிறது?" என்று கேட்டாள். "ஒளிதானே மிக வேகமானது, அதனால்தான்" என்றேன். வகுப்பே தலையாட்டியது. தவறான விடை. வீட்டுக்குப் போய்ப் படித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ.தான் செல்கிறது. செம்புக் கம்பியில் மின்குறிப்பும் ஏறக்குறைய அப்படித்தான். இழையின் பெருமை, ஒரே நேரத்தில் எவ்வளவு கொள்ளும் என்பதில் இருக்கிறது. 1986-இல் தொடங்கிய எர்நெட், சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட நிறுவனங்களை இணைத்த தொடக்க காலத்தில் நொடிக்கு 9,600 பிட் என்பதே பெரிய விஷயம். 2010-இல் ஒப்புதல் பெற்ற தேசிய அறிவு வலைப்பின்னலில் பேச்சு ஜிகாபிட்டில்.

ஆனால் சாலை அகன்றால் மட்டும் போதாது. மறுநாள் வகுப்பில் தவறை ஒப்புக்கொண்டு, எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்காக நிற்கும் கண்டெய்னர் லாரிகளை எடுத்துக்கொண்டேன். ஒரு லாரி சரக்கை இறக்கி ரசீதோடு திரும்பினால்தான் அடுத்தது கிளம்பும் என்றால், எட்டு வழிச் சாலை போட்டு என்ன பயன்?

கணினிகளும் ரசீது கேட்கும். ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத் தரவு மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வருகிறது. கணக்குக்காக வடத்தின் நீளம் 10,000 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். போய்வர 0.1 நொடி. பழைய விதிப்படி ரசீது வராமல் அனுப்பக்கூடியது 64 கிலோபைட்தான். அப்படியானால் நொடிக்கு 640 கிலோபைட். பாதையோ 10 ஜிகாபிட்! அதை நிரப்ப, ரசீது வருமுன்பே 12.5 கோடி பைட் வழியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். 1992-இல் அந்த வரம்பை உயர்த்த வழி செய்தார்கள். ஒரே கோப்பைப் பல துண்டுகளாக்கி இணையாக அனுப்புவதும் உண்டு.

இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போடுவதைவிட மைதானத்தில் காட்டுவது மேல். நோட்டுகளை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கையெழுத்துச் சீட்டோடு திரும்பச் சொன்னேன். பிறகு சீட்டுக்குக் காத்திராமல் எட்டுப் பேரைத் தொடர்ச்சியாக ஓடவிட்டேன். ஓடியவர்களின் வேகம் அதேதான், வேலை முடிந்த நேரம்தான் வேறு.

அந்த மாணவியின் அப்பா டிரெய்லர் ஓட்டுபவர். அவள் விடவில்லை: "வழியில ஒரு லாரி கவிழ்ந்துட்டா சார்?"

அதற்கு இன்னொரு பாடவேளை முழுவதும் போயிற்று.