கேள்வி கேட்கும் உரிமை
(பாறசாலை எல்லைக் கிராமத் தோழர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



2025 சனவரியில் நெய்யாற்றின்கரையை நாடே திரும்பிப் பார்த்தது. ஒரு முதியவர் சமாதியடைந்தார் என்று கூறி, ஊராருக்குத் தெரிவிக்காமல் குடும்பத்தினர் அவரைக் கான்கிரீட் கல்லறையில் அடக்கம் செய்தனர். ஊரார் ஐயம் எழுப்பினர். கல்லறையைத் திறக்க அதிகாரிகள் வந்தபோது, மத உரிமை என்ற பெயரில் எதிர்ப்புக் கிளம்பியது. உயர்நீதிமன்றமோ எளிய கேள்வியொன்றை எழுப்பியது: இறப்புச் சான்றிதழ் எங்கே? சனவரி 16 அன்று கல்லறை திறக்கப்பட்டு உடற்கூறாய்வு நடைபெற்றது. ஐயத்துக்குரிய காயம் எதுவும் முதற்கட்ட ஆய்வில் தென்படவில்லை. மறுநாள் குடும்பத்தினர் தம் சடங்குகளோடு அவரை மீண்டும் அடக்கம் செய்தனர்.

இதில் நம்பிக்கை இழந்தது என்ன? ஒன்றுமில்லை. கொலைப்பழி சுமத்தியவர்களுக்கு முதல் பதிலைத் தந்தது மந்திரமன்று, மருத்துவ ஆய்வு. அறிவியல் நம்பிக்கையாளரின் பகைவன் அன்று. அவருக்கும் அதுவே காவல்.

தியானத்தில் ஒருவர் பெறும் அனுபவம் அவருக்கு உண்மையாக இருக்கலாம். ஆனால் பிறர் சோதித்தறிய இயலாத அனுபவம் சட்டத்துக்கோ மருத்துவத்துக்கோ சான்றாகாது. எல்லைக்கோடு இதுதான்.

எனினும், ஆன்மிகம் என்றாலே பிற்போக்கு, பகுத்தறிவு என்றாலே முற்போக்கு என்று வாய்பாடு ஒப்பிப்பவர்கள் இந்த மண்ணின் வரலாற்றைப் படிக்க வேண்டும். 1888இல் அருவிப்புறத்தில், நெய்யாற்றிலிருந்து எடுத்த கல்லை நாராயண குரு சிவலிங்கமாக நிறுவினார். அவர் தியானத்தில் தோய்ந்த துறவி. ஆனால் வழிபாட்டு உரிமை மறுக்கப்பட்ட மக்களின் குரலே அக்கல்லில் ஒலித்தது. பின்னாளில் கல்விக்கூடங்களே தேவை என்று அவர் வலியுறுத்தினார். மதமும் தெய்வமும் வேண்டாம் என்ற சீடர் சகோதரன் ஐயப்பனை அவர் விலக்கிவிடவில்லை.

நெய்யாற்றின்கரையில் பிறந்த சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளையோ, அரசின் ஊழலை எதிர்த்து எழுதி 1910இல் திருவிதாங்கூரிலிருந்து நாடு கடத்தப்பட்டவர். 1912இல் காரல் மார்க்ஸின் வாழ்க்கை வரலாற்றை மலையாளத்தில் தந்தவர். அவரே, அய்யன்காளி தலித் குழந்தைகளின் பள்ளி நுழைவுக்காகப் போராடியபோது, அவர்கள் மற்றக் குழந்தைகளோடு சேர்ந்தமர்ந்து படிப்பதை எதிர்த்து எழுதினார். ஊருட்டம்பலத்தில் பள்ளிக்கூடமே கொளுத்தப்பட்டது. கூர்ந்த அறிவும் சாதியின் முன் கண்மூடக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகவே, ஒரு கருத்து யாருடைய விலங்கை உடைக்கிறது, யாருக்கு விலங்கு பூட்டுகிறது என்பதே நம் உரைகல்.

தோழர்களே! கடனும் நோயும் வேலையின்மையும் துரத்தும்போதுதான் எளிய மக்கள் மந்திரவாதியின் வாசலில் நிற்கிறார்கள். அவர்களை எள்ளி நகையாடுவது நம் பணியன்று. பாம்பு கடித்தவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதும், அம்மருத்துவமனையில் மருந்தும் மருத்துவரும் இருக்கப் போராடுவதும் நம் பணி. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் அரசமைப்புச் சட்டத்தில் எழுதி வைத்துள்ளது. அதை எல்லையின் இரு பக்கத்து மக்களிடமும், தமிழிலும் மலையாளத்திலும், வீடு வீடாகக் கொண்டு செல்வோம்!