மாத்திரையும் பேச்சும்



மனச்சோர்வு விஷயத்தில் நம் ஊரில் இரண்டு கட்சி. "மாத்திரை பழக்கமாகிவிடும், மனசுவிட்டுப் பேசினாலே சரியாகும்" என்பது ஒன்று. "பேசி என்ன ஆகப்போகுது, மாத்திரையை வாங்கிக் கொடு" என்பது மற்றொன்று. நான் இரண்டிலும் உறுப்பினர் இல்லை.

என் அண்ணன் எட்டு மாதம் படுத்துக் கிடந்தார். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். பல் துலக்கக்கூட எழ முடியாது. அந்த நிலையிலேயே அவரை ஆலோசகர் முன் உட்கார வைத்தோம். கேள்வி காதில் விழுந்தது, பதில் வாய்க்கு வரவில்லை. மாத்திரை தொடங்கி நாலாவது வாரம், "காபி இருக்கா?" என்றார். அண்ணி அடுப்படிக்கு ஓடிய ஓட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

மாத்திரை அவரை எழுப்பி உட்கார வைத்தது. "நான் எதற்கும் லாயக்கில்லாதவன்" என்று அவர் மனசுக்குள் எழுதி வைத்திருந்த கணக்கை அதனால் திருத்த முடியவில்லை. வாரம் ஒருநாள் ஆலோசகரோடு உட்கார்ந்து, கடைக்கணக்கைச் சரிபார்ப்பதுபோல வரிவரியாக அவரேதான் அடித்துத் திருத்தினார்.

இது என் அண்ணன் கதை மட்டும் இல்லை. 2000-இல் அமெரிக்காவில் மார்ட்டின் கெல்லர் குழுவினர், நாள்பட்ட மனச்சோர்வுள்ள 681 பேரை மூன்றாகப் பிரித்து 12 வாரம் சிகிச்சை தந்தார்கள். மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்கு 48 பேருக்குப் பலன். பேச்சு மட்டும் என்றாலும் அதே 48. இரண்டும் சேர்ந்தபோது 73! மறைக்காமல் சொல்கிறேன், ஆய்வுக்குப் பணம் கொடுத்தது மருந்துக் கம்பெனி. அந்த ஆய்வில் கொடுத்த நெஃபசோடோன் என்ற மாத்திரையும் பின்னால் கல்லீரலைக் கெடுக்கிறது என்று பல நாடுகளில் விற்பனையிலிருந்து போய்விட்டது. ஆனால் வேறு மருந்துகளை வைத்துப் பின்வந்த ஆய்வுகளும், கடுமையான சோர்வுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதே மேல் என்றுதான் காட்டின.

வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. முகம் தெளிந்ததும் "இனி எதுக்கு மாத்திரை?" என்று டப்பாவை ஒளித்து வைக்காதீர்கள். தேறிய பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள் மருத்துவர்கள். நிறுத்துவதானாலும் மருத்துவர் சொன்னபடி படிப்படியாகத்தான். சீட்டு எழுதி இரண்டு நிமிடத்தில் அனுப்பினால், "பேச யாரிடம் போகணும் டாக்டர்?" என்று கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14416-ஐ அழையுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை, காசு கிடையாது. விடியற்காலை மூன்று மணிக்கும் எடுப்பார்கள்.