வைரஸ் சுமக்கும் ஓலை
(நாகபுரியில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மெட்ரிகுலேஷன் தேறி, இரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தாவாகப் பணிபுரிபவன் யான். விஞ்ஞானப் பட்டம் பெற்றவன் அல்லேன். ஆயினும், ஆராய்ச்சிச் சாலைகளில் நிகழ்வனவற்றை நம்போன்ற குடும்பத்தாரும் அறிதல் வேண்டும் என்னும் ஆவலால், படித்தறிந்த சிலவற்றைக் கூற முன்வந்துள்ளேன். நாம் வாழும் இந்நகருக்கு இப்பொருள் அயலானதன்று.

மனித உடலில் புரதங்களை ஆக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 உள்ளன. அவற்றுள் ஒன்றன் பணி யாது என்பதை எவ்வாறு கண்டறிவது? அலுவலகத்தில் ஒருவர் விடுப்பில் சென்ற நாளன்றுதான் அவருடைய வேலை இன்னதென்பது பிறருக்கு விளங்கும். எந்தக் கோப்பு நகராமல் கிடக்கிறதோ, அதுவே அவர் பார்த்த வேலை. விஞ்ஞானிகளும் அவ்வாறே ஒரு மரபணுவை வாயடைக்கச் செய்து, உயிரணுவில் எது நின்றது, எது புதிதாகத் தொடங்கியது என்று நோக்குகின்றனர்.

வாயடைப்பது எங்ஙனம்? மரபணு என்பது உயிரணுவின் உட்கருவில் பூட்டி வைத்த மூலப் பதிவேடு. அதிலிருந்து எடுக்கப்படும் நகலே தூது ஆர்.என்.ஏ. நகலைப் பார்த்தே புரதம் ஆக்கப்படுகிறது. மூலத்தைத் தொடாமல் நகல்களை மட்டும் கிழித்தெறிந்தால் வேலை நின்றுவிடும். ஆண்ட்ரூ ஃபயர், கிரேக் மெல்லோ என்னும் அமெரிக்க அறிஞர்கள், ஒரு சிறு புழுவினுள் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைச் செலுத்தினால் அதனோடு எழுத்தொத்த நகல்கள் அழிவதை 1998-இல் வெளியிட்டனர். 2006-இல் நோபல் பரிசும் பெற்றனர். மனித உயிரணுவோ நீண்ட இரட்டை இழையைக் கண்டால் வைரஸ் புகுந்ததென்று அஞ்சி அபாயச் சங்கு ஊதிவிடும். 21 எழுத்தே கொண்ட குறுந்துண்டுகள் அவ்வச்சத்தைக் கிளப்பாமல் பணி முடிக்கும் என்பதை ஜெர்மனியில் தாமஸ் டுஷல் குழுவினர் 2001-இல் காட்டினர்.

ஆனால் அத்துண்டுகள் சின்னாட்களில் தேய்ந்துபோகும். நிலையான மௌனம் வேண்டுமாயின், ஆணை ஓலையை உயிரணுவின் உட்கருவிலேயே சேர்ப்பிக்கும் தூதன் வேண்டும். பூட்டிய கதவைத் திறந்து உட்புகுவதில் வைரஸை விஞ்சியவர் யார்? எய்ட்ஸ் நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி. வைரஸையே சரக்கு ஊர்தியாக மாற்றும் வழியைக் கலிபோர்னியாவிலுள்ள சால்க் ஆராய்ச்சிக் கழகத்தார் 1996-இல் கண்டனர். பிளவுபடாத உயிரணுக்களிலும் அது புகவல்லது. சுமந்து வந்ததை உயிரணுவின் சொந்த ஏட்டிலேயே ஒட்டியும் விடும். அதனால் அவ்வுயிரணுவின் வழித்தோன்றல்களும் அதே ஆணையைப் பெறுகின்றன.

“நோய் பரவாதோ?” என்று தாய்மார்கள் வினவலாம், நியாயமான வினாவே. வைரஸின் உறுப்புகளை ஆக்கும் குறிப்புகளைத் தனித்தனி டி.என்.ஏ. வளையங்களில் பிரித்து வைக்கின்றனர். வண்டியில் ஏற்றுவதற்குரிய அடையாளச் சீட்டு ஆணை ஓலைக்கு மட்டுமே ஒட்டப்படுகிறது. ஆகவே வெளிவரும் வைரஸில் சரக்கு உண்டு. மீண்டும் வைரஸை ஆக்கும் குறிப்பு இல்லை. சரக்கை இறக்கியபின் திரும்பிப் பெருக இயலாத ஒருவழி வண்டி அது.

இதன் பயனை ஒரு நோயின் வாயிலாகக் காண்போம். அரிவாளணுச் சோகை 1952-இல் நீலகிரி மலைவாழ் மக்களிடையே கண்டறியப்பட்டது. விதர்ப்பம் உள்ளிட்ட நடு இந்தியப் பகுதியில் அது மிகுதி. மரபணுவில் ஓர் எழுத்துப் பிழையால் செங்குருதியணு அரிவாள்போல் வளைந்து நுண்குழாய்களை அடைத்துப் பொறுக்கவொண்ணா வலி தருகிறது. கருவிலிருக்கும் குழந்தைக்கோ வேறுவகை ஈமோகுளோபின் உண்டு. அதில் இப்பிழை இல்லை. பிறந்த சில மாதங்களில் அதன் உற்பத்தி பெரும்பாலும் ஒடுங்கிவிடுகிறது. அதனை ஒடுக்குவது எது?

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் விஜய் சங்கரன், ஸ்டூவர்ட் ஆர்க்கின் முதலியோர், பி.சி.எல்.11ஏ என்னும் மரபணுவை ஐயுற்றனர். வயதுவந்தோரின் குருதியணு முன்னோடிகளில் அதனை வாயடைத்தனர். கருக்கால ஈமோகுளோபின் மீண்டும் பெருகிற்று. 2008-இல் இம்முடிபு வெளிவந்தது. ஓர் ஓலை தவறி வேறு மரபணுவையும் தாக்கக்கூடும். அதனால் இத்தகைய ஆய்வுகளில் ஒரே மரபணுவுக்கு எதிராக வெவ்வேறு எழுத்துடைய ஓலைகள் சிலவற்றையும், எதனையும் குறியாத வெற்றோலை ஒன்றையும் அனுப்பிப் பார்ப்பர். வெவ்வேறு சாட்சிகள் ஒன்றையே கூறி, வெற்றோலை வாளாவிருந்தால்தான் முடிபு ஏற்கப்படும்.

ஆய்வுக் கூடத்து உண்மை பின்னர் மருத்துவமனைக்கும் சென்றது. நோயாளிகளின் குருதி மூல அணுக்களை வெளியே எடுத்து, வைரஸ் வாயிலாக அவ்வோலையைச் சேர்த்து, மீண்டும் உடலில் செலுத்தினர். அறுவரிடம் கிடைத்த நற்பயன் 2021-இல் வெளியாயிற்று. அதே மரபணுவைக் குறிவைத்து, வைரஸின்றித் திருத்தும் வேறொரு மருந்துக்குப் பிரிட்டனும் அமெரிக்காவும் 2023-இல் ஒப்புதல் அளித்தன. அமெரிக்காவில் அதற்கு அறிவித்த விலை 22 இலட்சம் டாலர்! எச்சரிக்கையும் வேண்டும். பாரிஸில் பழைய வகை வைரஸ் ஊர்தியால் சிகிச்சை பெற்ற சிறுவர் சிலருக்கு இரத்தப் புற்று தோன்றியது 2002-இல் தெரியவந்தது. சரக்கு தவறான ஏட்டின் அருகே ஒட்டிக்கொண்டதே காரணம். அதன்பின் ஊர்திகள் மேலும் திருத்தப்பட்டன.

அன்பர்களே! இத்துணை விலையுள்ள மருந்து நம் அண்டை வீட்டாருக்கு எட்டும் நாள் இன்னும் வரவில்லை. ஆனால் அறிவு இன்றே எட்டும். இந்நோய் தொற்றாது. நம் பிள்ளைகளோடு பள்ளி செல்லும் குழந்தை ஒன்று வலியால் துடித்தால், அதனை ஒதுக்கி வைப்பது கொடுமை. பெற்றோர் இருவரும் நோயின்றி அப்பிழையைத் தாங்குவோராயின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நால்வரில் ஒருவருக்கு என்ற அளவில் நோய் வரும் வாய்ப்புண்டு. எளிய குருதிச் சோதனையால் அதனை முன்னரே அறியலாம். மைய அரசும் 2023-இல் இதற்கென ஓர் இயக்கம் தொடங்கியுள்ளது. கூச்சத்தால் மறைப்பதைவிடச் சோதித்து அறிவதே மேல் என்பதை நம்மோடு பணிபுரிவோர்க்கும் அண்டையார்க்கும் எடுத்துச் சொல்வோமாக.

கொல்லவந்த வைரஸையே நல்லோலை சுமக்கப் பழக்கியது மனித அறிவு. அவ்வறிவு கண்ட உண்மையை வீடுதோறும் கொண்டுசேர்க்கும் தூதுப் பணி நம்முடையது.