தத்துக் குழந்தையும் நோய் வரலாறும்



'குடும்பத்தில் எவருக்கேனும் நீரிழிவு, இதய நோய் உண்டா?' என்று மருத்துவர் வினவுங்கால், தத்தெடுக்கப்பட்டு வளர்ந்தவர் விடை கூற இயலாமல் தவிக்கிறார். இளம் வயதிலேயே மார்பகப் புற்றுநோயுற்ற தாயின் மகள், ஏனையோருக்கு முன்னரே பரிசோதனையைத் தொடங்குதல் வேண்டும். ஈன்றவளைப் பற்றி ஏதும் அறியாதவள் எங்ஙனம் தொடங்குவாள்?

2022-ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின்படி, 18 வயது நிறைந்தவர் தம் பிறப்பு மூலத்தைத் தேட விண்ணப்பிக்கலாம். ஈன்றோரின் அந்தரங்க உரிமையும் அவற்றில் காக்கப்பட்டுள்ளது. இது நியாயமே. ஆனால் நோய் வரலாற்றுக்குப் பெயரோ முகவரியோ தேவையில்லை. அதனைத் திரட்டுதற்குரிய காலம் குழந்தையை ஒப்படைக்கும் வேளையே ஆகும். முடிவை மறுபரிசீலனை செய்ய 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் பெற்றோருக்கு இரண்டு மாத அவகாசம் அளிக்கிறது. அவ்விடைவேளையில் பரிவுடன் கேட்கலாம். இளந்தாயிடம் நீரிழிவு இன்னும் தோன்றியிராது. ஆகவே அவளுடைய பெற்றோருக்கு வந்த நோய்களையும், அவை தோன்றிய வயதையும் பதிதல் வேண்டும். படிவத்தை நிரப்பும் அவசரத்தில், 'தெரியாது' என எழுத வேண்டிய இடத்தில் 'இல்லை' என்றெழுதுவது பெருந்தீங்கு.

கைவிடப்பட்ட குழந்தைக்கோ கேட்டறிய எவருமிலர். அங்கு இரத்தப் பரிசோதனை ஓரளவு துணைபுரியும். அரிவாள் அணுச் சோகையின் மரபுக் கூற்றைத் தாங்கியவர் பெரும்பாலும் நலமாகவே காணப்படுவார். அத்தகைய இருவர் மணந்தால், ஒவ்வொரு மகவுக்கும் அந்நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. பழங்குடிப் பகுதிகளில் இச்சோதனையைப் பரவலாக்க 2023-இல் தேசிய இயக்கமொன்று தொடங்கப்பட்டது. அப்பகுதிகளின் தத்தெடுப்பு நிலையங்கள் அதனைப் பயன்படுத்திக்கொண்டு, முடிவைக் குழந்தையின் கோப்பிலேயே சேர்த்தளிக்கலாம்.