இரவு ஒன்று நாற்பதுக்கு வந்த செய்தி
(நூற்றாண்டு விழாப் பொதுக்கூட்டத்தில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



பல்கலைக்கழக மாணவரின் மனநலத்துக்கு இணையவழிக் கருவிகள் எவ்வாறு உதவும் என்று பேசச் சொன்னார்கள். புதிய செயலி ஒன்றைக் காட்டப் போகிறேன் என நினைக்க வேண்டாம். பிள்ளைகளின் கையில் ஏற்கெனவே இருக்கும் வட்ஸ்அப்பைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

தென்பகுதிப் பல்கலைக்கழகம் ஒன்றில் விரிவுரையாளராகவும் மாணவ ஆலோசகராகவும் இருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் கல்லூரிப் பிள்ளை ஒருத்தி முதலாம் ஆண்டுக்கு வந்தாள். விரிவுரை ஆங்கிலத்தில், விடுதிப் பேச்சு சிங்களத்தில். வீட்டுக்குக் கோல் எடுக்கும்போது மட்டும் தமிழ். அதிலும் "நல்லா இருக்கிறன் அம்மா" என்ற ஒரே பொய். ஒருநாள் இரவு 1.40 மணிக்கு எனக்கு எழுதியிருந்தாள்: "மிஸ், ஒரு செமஸ்டரை விட்டிட்டுப் பிறகு வரலாமா?" அதற்கு மேலே அழிக்கப்பட்ட இரண்டு செய்திகள். நான் பார்த்தது காலை ஆறு மணிக்கு. அதற்குள் அவள் ஊருக்கு பஸ் ஏறிவிட்டாள். அடுத்த வருடம் திரும்பி வந்து பட்டமும் பெற்றாள். ஆனால் அந்த இரண்டு செய்திகளில் என்ன இருந்தது என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

ஆலோசகரின் அறைக்குப் பிள்ளைகள் வருவது குறைவு. யார் உள்ளே போகிறார் என்பதை நடைபாதையில் நிற்கும் எல்லோரும் பார்ப்பார்கள். 2020இல் கொவிட் காரணமாக சூமில் படிப்பித்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். கமராவை மூடிவிட்டு, கறுப்புப் பெட்டிக்குள் பெயராக மட்டும் இருந்த பிள்ளைகள் தனிச்செய்தியில் மனம் திறந்து எழுதினார்கள். முகம் காட்டத் தேவையில்லாததே அவர்களுக்குத் துணிவு தந்தது.

அதே தொலைபேசி வழியாகத்தான் பகிடிவதையும் வருகிறது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைக் குற்றமாக்கியிருக்கிறது. இருந்தும், பட்ச் குழுவிலிருந்து விலகினால் யார் விலகியது என்று சீனியர்மாருக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில், நள்ளிரவிலும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆகவே குழுக்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. இன்னொரு குழு தொடங்குவோம் என்று தயவுசெய்து யாரும் சொல்ல வேண்டாம்!

நான் கேட்பது ஒருவருக்கு ஒருவர். இங்கே இரவு 1.40 ஆகும்போது ரொறன்ரோவில் பின்னேரம், இலண்டனில் இரவுச் சாப்பாட்டு நேரம், மெல்பேர்ணில் விடிகாலை. நான் உறங்கும் நேரத்தில் எங்கள் பழைய மாணவிகளில் எத்தனையோ பேர் விழித்திருக்கிறார்கள். அவர்களில் பலர் புரியாத மொழியும் புதிய விடுதியும் தந்த தனிமையை அனுபவித்தவர்கள். பல்கலைக்கழகம் போகும் எங்கள் பிள்ளை விரும்பினால், அவளுக்கு ஓர் அக்காவின் இலக்கம் கொடுப்போம். அக்கா வாரத்துக்கு ஒருமுறை "சாப்பிட்டீங்களா? பாடம் எப்படிப் போகுது?" என்று எழுதட்டும். பதில் வராவிட்டாலும் எழுதட்டும்.

அக்கா வைத்தியர் அல்ல. புத்திமதி குறையட்டும், செய்தியைப் படம் பிடித்து வேறு ஒருவருக்கும் அனுப்பக்கூடாது. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் இரகசியம் காக்க வேண்டாம்: உடனே விடுதிப் பொறுப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் 1926. 1974 முதல் இயங்கிவரும் சுமித்ரயோவும் இருக்கிறது. இவற்றை அக்காவும் தங்கையும் முதல்நாளே தொலைபேசியில் பதிந்து வைக்கட்டும்.

மண்டப வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். பெயர், வசிக்கும் நாடு, படித்த துறை, விழித்திருக்கும் நேரம் ஆகியவற்றை எழுதிவிட்டுப் போங்கள். வெளிநாட்டிலுள்ளோர் சங்கச் செயலாளருக்கு அறிவிக்கலாம். இம்முறை பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளைகள் சிலர் பின்வரிசையில் இருக்கிறார்கள். தேநீர் நேரத்தில் அவர்களோடு பேசுங்கள்.